கூட்டிக் காணச் செய்தல்: 'ஈக் அவுட்' என்ற ஆங்கில வினை பற்றி

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் அவகாசம் கொடுத்தேன். கணவனை இழந்த ஒரு பெண், தனக்குக் கிடைக்கும் சொற்ப உதவிப்பணத்தைப் பாய் பின்னி 'ஈக் அவுட்' செய்தாள் என்பது அந்த வாக்கியம். மற்றச் சொற்கள் எல்லாம் மாணவர்களுக்குத் தெரிந்தவை. அந்த ஒரு வினையில்தான் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

மூன்று விதமான விடைகள் வந்தன. ஒருவர், "உதவிப்பணத்தைச் செலவழித்து முடித்தாள்" என்று எழுதியிருந்தார். கேட்டதற்கு, "அவுட் எண்டா முடிஞ்சிதானே சேர்?" என்றார். இன்னொருவர், "பாய் பின்னி உதவிப்பணத்தை மிச்சம் பிடித்தாள்" என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் கைத்தொலைபேசியில் அகராதியைப் பார்த்துவிட்டு, "வறுமையில் வாடிய அப்பெண் பாய் பின்னி ஒருவாறு வயிற்றைக் கழுவினாள்" என்று எழுதியிருந்தார்.

வாசிக்க நன்றாக இருந்தது மூன்றாவது விடைதான். ஆனால் அதில் உதவிப்பணம் என்ற சொல்லே இல்லை. மூலத்தில் இல்லாத வாட்டம் அதற்குள் வந்திருந்தது. "டிக்‌ஷனரியில அப்படித்தானே சேர் போட்டீக்கி" என்றார் அவர். அவர் சொன்னதில் பிழையில்லை. பல அகராதிகள் இந்த வினைக்கு 'சிரமப்பட்டுப் பிழைப்பு நடத்து' என்ற பொருளைத்தான் முன்னால் வைக்கின்றன. அது பிந்தி வந்த பொருள். அதற்கு முந்திய பொருள் ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் மொழிபெயர்த்தால், ஏழைகளின் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு முக்கியமான செய்தி நம் கையால் தொலைந்துபோகும். இந்த வினையைச் சற்று விரிவாகப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

சொல்லும் அதன் உறவினர்களும்

எழுத்துக்கூட்டலில் ஈ, கே, ஈ என்ற மூன்றே எழுத்துகள். கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. 'வீக்' என்பதில் வரும் அதே நெடில்தான் இதிலும்: 'ஈக்'. இறந்த காலத்தில் 'ஈக்ட்' என்றாகும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு 'கூட்டு', 'பெருக்கு', 'அதிகமாக்கு' என்பதே பொருள். இதே வடிவில் ஓர் இடைச்சொல்லும் அக்காலத்தில் இருந்தது. 'அத்துடன்', 'மேலும்' என்ற பொருளில், தமிழில் 'உம்' செய்கிற வேலையை அது செய்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சோசரின் பாடல்களில் அது சர்வசாதாரணமாக வரும். ஜெர்மன் மொழியிலும் ஒல்லாந்தர் மொழியிலும் 'உம்' என்பதற்கு இன்றும் வழங்கும் சொற்கள் அதன் உடன்பிறப்புகளே. ஆங்கிலத்தில் மட்டும் அது வழக்கொழிந்து போயிற்று.

லத்தீனில் இதற்கு இனமான வினையிலிருந்து பிறந்தவை நமக்குப் பழக்கமான சொற்கள். விலையைக் கூட்டிக் கூட்டிக் கேட்கும் 'ஒக்‌ஷன்' (ஏலம்) அவற்றில் ஒன்று. எல்லாவற்றிலும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: இருப்பதன் மேல் இன்னும் கொஞ்சம்.

'நிக்நேம்' என்ற சொல்லுக்குள்ளும் இந்த 'ஈக்' ஒளிந்திருக்கிறது. பெற்றோர் வைத்த பெயருக்கு மேலதிகமாக ஊரார் சேர்க்கும் பெயர் என்பதால் பட்டப்பெயரை அக்காலத்தில் 'ஈக் நேம்' என்றார்கள். அதன் முன் 'ஒரு' என்ற பொருளில் வரும் 'அன்' சேர்ந்து 'அன் ஈக்நேம்' என்று ஒலித்தபோது, கேட்டவர்கள் 'ன்' ஒலியைப் பின்சொல்லோடு சேர்த்துப் பிரித்துவிட்டார்கள். அப்படித்தான் அது 'நெக்நேம்' ஆகி, 'நிக்நேம்' ஆயிற்று. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் பட்டப்பெயர் வைத்திருக்கும் நமது சமூகத்துக்கு, அப்பெயர் ஒரு 'கூட்டல்' என்பதை விளக்க வேண்டியதில்லை.

தேன்கூடு வளர்ப்போரிடமும் இச்சொல் பிழைத்திருக்கிறது. முன்பு இங்கிலாந்தில் வைக்கோலால் பின்னிய கூடைகளைக் கவிழ்த்து வைத்துத் தேனீ வளர்த்தார்கள். தேனீக்கள் பெருகி இடம் காணாமல் போனால், கூடையின் அடியில் வைக்கோல் வளையம் ஒன்றைச் செருகி உயரத்தைக் கூட்டுவார்கள். அந்த வளையத்தின் பெயர் 'ஈக்'. பழைய கூடை அப்படியே இருக்கும். ஒரு சுற்று மட்டும் கூடும். காணாத இடம் காணும். இந்த வினையின் பொருளைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்ற வினை தனியாக நடமாடுவதில்லை; 'அவுட்' என்ற துணையோடுதான் வரும். நாம் 'கொஞ்சநஞ்சம்' என்கிறோம். அதிலுள்ள 'நஞ்சம்' தனியாக எங்கும் வருவதில்லை அல்லவா? அதுபோலத்தான். இங்கே வரும் 'அவுட்' வெளியே போவதைக் குறிக்கவில்லை. கடைசிவரை நீட்டுவதை, முடிவுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் குறிக்கிறது. முதல் மாணவர் வழுக்கியது இந்த இடத்தில்தான். அவர் 'அவுட்' என்பதைத் தனியே பொருள்கொண்டார். ஆங்கிலத்தின் இத்தகைய கூட்டு வினைகளில் பின்னால் வரும் துணைச்சொல்லைத் தனியே பிரித்துப் பொருள் சொன்னால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பொருள் எப்படி மாறியது

ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஒரு மற்போர்க் காட்சி உண்டு. பலசாலியான மல்லன் ஒருவனோடு மோதப்போகும் இளைஞனைப் பார்த்து ரோசலிண்ட், தன்னிடமுள்ள சிறு பலமும் அவனோடு சேரட்டும் என்று விரும்புகிறாள். அருகில் நிற்கும் சீலியா, அவளுடைய பலத்தை 'ஈக் அவுட்' செய்யத் தன்னுடையதும் சேரட்டும் என்கிறாள். இங்கே வறுமை இல்லை; பிழைப்பும் இல்லை. சிறியதொன்றோடு இன்னொரு சிறியதைச் சேர்த்துப் போதுமானதாக்குவது மட்டுமே உண்டு.

பின்னர் இவ்வினை வீட்டுச் செலவோடும் உணவோடும் நெருங்கிற்று. ஒருவர் தமது சம்பளத்தை மாலைநேர வகுப்பு நடத்தி 'ஈக் அவுட்' செய்தார். ஒரு வீட்டுக்காரி இறைச்சியை உருளைக்கிழங்கு சேர்த்து 'ஈக் அவுட்' செய்தாள். எதையும் சேர்க்காமல், இருப்பதையே சிறிது சிறிதாகப் பாவித்து நாள் கடத்துவதற்கும் அது வழங்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு கேஸ் வரிசையில் நின்ற எவருக்கும் இது புரியும். சோற்றை விறகு அடுப்பில் ஆக்கிவிட்டு, தேத்தண்ணிக்கு மட்டும் கேஸை மூட்டி ஒரு சிலிண்டரை இழுத்துப் பிடித்த வீடுகள் எத்தனை! அதுவும் 'ஈக் அவுட்' தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. அதுவரை இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வந்தது குறைவாக இருந்த பொருள்: சம்பளம், இறைச்சி, விறகு. இப்போது கிடைத்த பலன் அந்த இடத்துக்கு வந்தது: 'பிழைப்பு', 'சீவியம்'. மீனவர்கள் கடலிலிருந்து ஒரு பிழைப்பை 'ஈக் அவுட்' செய்கிறார்கள் என்று எழுதலாயினர். கூட்டுதல் என்ற கருத்து மங்கி, கஷ்டப்பட்டுப் பிழிந்தெடுத்தல் என்ற கருத்து முன்னுக்கு வந்தது.

ஆங்கில மொழிவழக்குப் பற்றி 1926இல் புகழ்பெற்ற அகராதி ஒன்றை வெளியிட்ட ஃபௌலர் இதை ஏற்கவில்லை. இருப்பதைத்தான் கூட்டலாம், கூட்டிய பின் வந்த பலனைக் கூட்ட முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். வருமானத்தை 'ஈக் அவுட்' செய்யலாம், பிழைப்பை அப்படிச் செய்ய இயலாது என்றார். மொழி அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. இன்றைய ஆங்கில அகராதிகள் இரண்டு பொருளையும் ஏற்கின்றன. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் மயிரிழையில் கிடைத்த வெற்றியைக்கூட 'ஈக் அவுட்' செய்ததாக எழுதுகிறார்கள். எனவே ஃபௌலரைக் காட்டி யாரையும் திருத்தப் போக வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய கண்டிப்பில் மொழிபெயர்ப்பாளனுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய வழக்கில் வாக்கியம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். முன்னே இருந்தது என்ன? அதன்மேல் கூட்டப்பட்டது என்ன, கூட்டியவர் யார்? புதிய வழக்கில் இந்த இரண்டும் மறைந்துபோகலாம். கஷ்டம் மட்டும் மிஞ்சும்.

நம் பேச்சில் இதற்கு என்ன இருக்கிறது?

மூன்று விடைகளையும் பலகையில் எழுதிவிட்டு, "சரி, வீட்டில் திடீரென்று நாலு பேர் சாப்பிட வந்துவிட்டால் உம்மா என்ன செய்வா?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி உடனே சொன்னார்: "ஆணத்துல தண்ணி கூட்டுவா சேர்!" வகுப்பே சிரித்தது. அந்த வினைக்கான முதலாவது சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

அதைச் சொன்ன மாணவி அறிந்தோ அறியாமலோ ஒரு ஹதீஸின் அருகில் போயிருந்தார். சமைக்கும் ஆணத்தில் தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இருவரின் உணவு மூவருக்குக் காணும் என்ற கருத்துள்ள நபிமொழியும் நம் வீடுகளில் பிரசித்தம். றமழானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. சட்டி ஒன்று, அரிசி அளவானது, வாளியோடு வந்து நிற்கும் பிள்ளைகளோ ஏராளம். தண்ணீரும் தேங்காய்ப்பாலும் கூடும். ஒருவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஈக் அவுட்' என்பதை 'பறக்கத்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அரபியில் அச்சொல்லுக்கும் வளர்ச்சி, பெருக்கம் என்ற பொருள் உண்டு என்பது உண்மை. ஆனால் பறக்கத் அல்லாஹ்வின் புறத்திலிருந்து வருவது. மனிதன் அதற்காகத் துஆச் செய்யலாமே ஒழிய, அதைச் செய்துகாட்ட முடியாது. 'ஈக் அவுட்' முழுக்க மனிதக் கையின் வேலை. தண்ணீரை ஊற்றுவது உம்மா. அது எல்லோருக்கும் காணும்படி ஆக்குவது வேறொருவன். இரண்டையும் கலந்தால் இரண்டு சொல்லுக்கும் அநியாயம்.

நம்மிடம் இதற்குப் பொருத்தமான வினை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு எழுத்தில் 'போதும்', 'போதாது' என்று வருமிடத்தில் நாம் 'காணும்', 'காணாது' என்கிறோம். "சோறு காணுமா?" "சீனி காணாது." இதிலிருந்து 'காணச் செய்தல்', பேச்சில் 'காணப் பண்ணுற', என்ற வினை இயல்பாகப் பிறக்கிறது. 'கூட்டி' என்பதை முன்னால் சேர்த்துவிட்டால் 'கூட்டிக் காணச் செய்தல்'. பழைய 'ஈக் அவுட்' இதற்குள் அப்படியே அடங்கிவிடும். எழுத்துத் தமிழ் வேண்டுமென்றால் 'ஈடுகட்டுதல்', 'நிரவுதல்' ஆகியனவும் உண்டு.

மாணவர்கள் மறக்காமலிருக்கத் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சு ஒன்றையும் சொல்லிக் கொடுப்பேன். இருக்கிறதை அங்கே 'ஈக்கிறத' என்பார்கள். "ஈக்கிறத வெச்சி சமாளிக்கிற" என்று ஒருவர் சொன்னால், 'ஈக்' அங்கேயும் கேட்கிறதல்லவா? இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒற்றுமை தற்செயலானது. ஆனால் ஞாபகத்தில் நிற்கும்.

ஏன் இது முக்கியம்?

ஒரு சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வுகளிலும் அறிக்கைகளிலும் இத்தகைய வினைகள் அடிக்கடி வருகின்றன. பிறகு அவை தமிழுக்கு வந்து, நாமே நம்மைப் பற்றி வாசிக்கும் வாசகமாக ஆகின்றன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை எடுத்துக்கொள்வோம். பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டு, சமைத்தும் கொடுத்தார்கள். பின்னர் உலர் உணவு நிவாரணம் வந்தது. அது காணவில்லை. ஆண்களும் பெண்களும் கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனார்கள். சிறு வியாபாரம் செய்தார்கள்.

இதைப் பற்றிய ஓர் ஆங்கில வாக்கியம், அவர்கள் நிவாரணத்தைக் கூலி வேலையால் 'ஈக் அவுட்' செய்தார்கள் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அகராதியின் முதற்பொருளைப் பிடித்துக்கொண்டு, "அகதிகள் பரிதாபமாக வயிற்றைக் கழுவி வந்தனர்" என்று தமிழில் எழுதினால் என்ன நடக்கும்? நிவாரணம் காணவில்லை என்ற செய்தி போய்விடும். அது பொறுப்பானவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் குறையைத் தங்கள் உழைப்பால் அவர்களே நிரப்பினார்கள் என்ற செய்தியும் போய்விடும். அது அவர்களுக்குச் சேர வேண்டிய மதிப்பு. பரிதாபம் மட்டும் மிஞ்சும். இரக்கத்தோடுதான் எழுதுகிறோம்; ஆனால் உழைத்தவரின் கை அந்த வாக்கியத்தில் இல்லை.

பெண்களின் உழைப்பு விஷயத்தில் இது இன்னும் அதிகம். இடியப்பம் அவித்து விற்பது, பாய் பின்னுவது, தையல், ஓதிக் கொடுப்பது ஆகியன பெரும்பாலும் இன்னொரு வருமானத்தின் மேல் கூடும் வருமானமாகவே இருக்கும். ஆங்கில ஆய்வாளர் அதைச் சரியாகவே 'ஈக் அவுட்' என்று எழுதியிருக்கலாம். அந்த இடியப்பக் காசு இல்லையென்றால் மாதக் கடைசியில் கணக்குச் சரிவராது என்பதுதான் அதன் பொருள். 'ஏதோ வயிற்றைக் கழுவினாள்' என்பது அதைச் சொல்லாது.

மொழிபெயர்ப்போருக்குச் சில குறிப்புகள்

இந்த வினையைக் கண்டதும் முதலில் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். அங்கே வருமானம், சம்பளம், நிவாரணம், உணவு போன்ற குறைவாக இருந்த பொருள் வந்தால், அது பழைய வழக்கு. 'கூட்டிக் காணச் செய்தல்', 'ஈடுகட்டுதல்' என்பன பொருந்தும். எதனால் கூட்டினார்கள் என்பதையும் தவறாமல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் 'வித்' அல்லது 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும்.

அதே பொருள்கள் வந்தும் எதையும் சேர்த்ததாகக் குறிப்பு இல்லையென்றால், இருப்பதை நீட்டிப் பாவித்த பொருள். 'இழுத்துப் பிடித்தல்', 'எட்ட வைத்தல்', 'பார்த்துப் பாவித்தல்' பொருந்தும்.

செயப்படுபொருள் 'பிழைப்பு', 'சீவியம்' என்று வந்தால் புதிய வழக்கு. 'சீவியத்தை ஓட்டுதல்', 'பிழைப்பை நடத்துதல்' போதும். 'பரிதாபமாக', 'வாடி வதங்கி' போன்ற அடைகளை மூலத்தில் இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம். கஷ்டம் வினைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் நாம் ஊற்றத் தேவையில்லை.

வெற்றி என்று வந்தால் 'மயிரிழையில் வென்றார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் ஒரு சொல். இவ்வினை பற்றாக்குறை உள்ள இடத்துக்கே உரியது. வசதியான கம்பனி ஒன்று தனது இலாபத்தைக் கூட்டிக்கொண்டதை இதனால் சொன்னால் வாசிப்பவர் சிரிப்பார்.

வகுப்பு முடியும்போது பலகையில் நின்ற வாக்கியம் இது: "கிடைத்த உதவிப்பணம் காணவில்லை, பாய் பின்னி, அதைக் கூட்டிக் காணச் செய்தாள்." ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்த வாக்கியம் தமிழில் இரண்டாகிவிட்டதே என்று மூன்றாவது மாணவர் கேட்டார். ஆகட்டும் என்றேன். முதல் பாதியில் உதவியின் அளவு தெரிகிறது. இரண்டாம் பாதியில் அவளுடைய உழைப்பு தெரிகிறது. அவர் தன் கொப்பியில் வயிற்றைக் கழுவியதை வெட்டிவிட்டு, அதை எழுதிக்கொண்டார்.